மலைச்சரிவில் விடுதி நடத்த நினைப்பவருக்கு: முதலில் கீழே இறங்கிப் பாருங்கள்

பண்டாரவளைக்குப் பக்கத்தில் அப்பா விட்டுச்சென்ற பழைய வீடு, அரை ஏக்கர் சரிவு நிலம், மேற்புறம் ஓர் ஊற்று. அதை நான்கு அறை விருந்தினர் விடுதியாக்கப் போகிறீர்கள். சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாமல் நடத்த வேண்டும், அதற்கு சோலார் போடவா, மூங்கில் தளபாடம் வாங்கவா, பசுமைச் சான்றிதழ் எடுக்கவா, கையில் இருக்கிற காசை முதலில் எதில் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். பொருட்களின் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தாலும், இங்கே வந்து தங்குகிறவர்களால் இந்த மலைக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் என்ன பாதிப்பு வரும், அதை எப்படிக் குறைப்பது என்பதுதான் உங்கள் மனதில் இருப்பது என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் சோலாரும் மூங்கிலும் பட்டியலில் கீழே போய்விடும், தண்ணீர் மேலே வந்துவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஹப்புத்தளைப் பக்கம் ஐந்து அறை விடுதி ஒன்றைப் பதினான்கு வருடமாக நடத்துகிறேன். அதற்கு முன் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களுக்குக் குடிநீர்க் குழாய் போடுவது, மலசலகூடம் கட்டுவது போன்ற வேலைகளில் ஒன்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்தேன். ஆகவே தண்ணீர், கழிவுநீர் பற்றிச் சொல்வதைத் துணிந்து சொல்கிறேன். மின்சாரத்தில் நான் வெறும் பாவனையாளன். மண்சரிவு விஷயத்தில் என் கண்ணை நானே நம்புவதில்லை, நீங்களும் நம்ப வேண்டாம். இன்னொன்று, நான் பேசுவது ஊவாப் பக்கத்து அனுபவம். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை கொட்டும் மழை நமக்கு வராது. நமக்குப் பெரிய மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்த கச்சான் காற்றுதான்.

இந்த மழைக் கணக்கில்தான் நம் தொழிலின் பெரிய சிக்கல் இருக்கிறது. ஐரோப்பாக்காரர்களுக்குப் பள்ளி விடுமுறை ஜூலையிலும் ஆகஸ்டிலும். எல்ல, ஹப்புத்தளை, பண்டாரவளை எங்கும் அறைகள் நிறைவது அப்போது. ஊற்று நூலாக மெலிவதும் அப்போதே. டிசம்பரில் ஊற்றைப் பார்த்து "தண்ணீருக்கு என்ன குறை" என்று நான்கு அறை கட்டியவர்கள் ஆகஸ்டில் தண்ணீர்ப் பவுசருக்குக் காசு கொடுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பண்டாரவளைப் பக்கம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். 2014 இறுதியில், ஆற்று நீரைத் திருப்பும் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நீர் பெருகத் தொடங்கிய பிறகு, அந்தப் பகுதியில் பல கிணறுகளும் ஊற்றுகளும் வற்றிப்போயின, வீட்டுச் சுவர்களும் வெடிப்பு விட்டன. உங்கள் ஊற்று அதற்குப் பிறகு எப்படி இருக்கிறது, அப்பா காலத்து அளவு இன்னும் இருக்கிறதா என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அப்பா காலத்து ஞாபகத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

அடுத்தது, உங்களுக்குக் கீழே யார் தண்ணீர் எடுக்கிறார்கள் என்பது. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். விடுதி தொடங்கி இரண்டாவது வருடம், ஒரு ஞாயிறு காலை, எங்களுக்குக் கீழே இருக்கும் லயத்திலிருந்து ஒரு பாட்டி மேலேறி வந்தார். தலையில் கம்பளி முக்காடு, கையில் ஒரு லீட்டர் போத்தல். பேசவே இல்லை. போத்தலை என் கண் முன்னால் நான்கு தடவை குலுக்கி, வாசல் திண்ணையில் வைத்தார். மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்கு நுரை நின்றது. எங்கள் வேலையாள் தேநீர் போட்டுக் கொண்டுவந்து கொடுக்கும் வரைக்கும் அந்த நுரை முழுவதும் அடங்கவில்லை. "பீலியில இதுதான் தம்பி வருது. புள்ளைக்கு இதுலதான் பால்மா கரைச்சுக் குடுக்குறாங்க" என்றார். சனிக்கிழமை எங்களிடம் எட்டுக் கட்டில் விரிப்புகள் துவைத்திருந்தோம். அந்தத் தண்ணீர் கானில் ஓடி, தேயிலை மலையின் ஓரமாக இறங்கி, அவர்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே இருக்கும் சேற்று நிலத்தில் கலந்திருக்கிறது. ஒன்பது வருடம் லயங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோன மனுஷன் நான். அன்றைக்கு அந்தப் பாட்டியின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு செய்ததை அப்படியே சொல்கிறேன், நீங்கள் தொடக்கத்திலேயே செய்துவிடலாம். மலசலகூடத் தண்ணீர் ஒரு குழாயிலும், குளியல், துவையல், குசினித் தண்ணீர் வேறு குழாயிலும் போக வேண்டும். பழைய வீடுகளில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும், தரையை உடைத்தாவது பிரியுங்கள். குசினித் தண்ணீர் முதலில் கிரீஸ் ட்ராப்புக்குள் போகட்டும். சீமேந்தில் இரண்டு அறைத் தொட்டி கட்டினால் போதும். எண்ணெய் மேலே மிதந்து நிற்கும், அடியிலிருந்து தண்ணீர் மட்டும் அடுத்த அறைக்குப் போகும். வாரத்துக்கு ஒரு தடவை அந்த எண்ணெய்ப் படையை வழித்து எடுக்க வேண்டும். நாற்றம் குடலைப் புரட்டும், ஆனால் இதை விட்டால் பின்னால் வரும் எல்லாமே அடைத்துக்கொள்ளும். அங்கிருந்து சல்லிக்கல் நிரப்பிய ஒரு நீளமான பாத்தி, அதில் கல்வாழை. அதற்கு அப்பால் வாழைக்குழிகள். குழியில் காய்ந்த இலை, கவ்வாத்துக் குச்சி எல்லாம் போட்டு நிரப்பி, சுற்றி நான்கைந்து வாழை வைத்தால், குளியல் தண்ணீரை அவை உறிஞ்சிக்கொள்ளும். சவர்க்காரத் தூளில் பொஸ்பேற்று இல்லாததைத் தேடி வாங்குங்கள், அளவையும் பாதியாகக் குறையுங்கள். ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர் என்பதால் பாதித் தூளிலேயே துணி வெளுக்கும். மழை மாதங்களில் வாழைக்குழி நிரம்பிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் நான் பெரிய துவையலை டவுனுக்கு அனுப்பிவிடுகிறேன். அந்த மாதம் மூடுபனியில் விரிப்பு மூன்று நாளானாலும் காயாது என்பதால் எப்படியும் அனுப்ப வேண்டித்தான் வரும்.

மலக்குழி பற்றி. பழைய வீடுகளில் அடி திறந்த குழி ஒன்றுதான் இருக்கும். ஒரு குடும்பத்துக்கு அது ஓடிவிடும். எட்டு விருந்தினர் வந்தால் அது நேராக நிலத்தடி நீருக்குள் போகும். தண்ணீர் கசியாத இரண்டு அறைத் தாங்கியும் அதற்குப் பின் ஊறுகுழியும் வேண்டும். கிணற்றிலிருந்தோ ஊற்றிலிருந்தோ 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. சரிவில் அந்த 50 அடியை மட்டும் நம்பக் கூடாது. ஊற்றுக்கு நேர் மேலே இருந்தால் 100 அடியும் போதாமல் போகலாம். பொதுச் சுகாதார பரிசோதகரைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டிக் கேளுங்கள், பலரும் நினைப்பது போல அவர் தொல்லை கொடுக்கிற ஆள் இல்லை. அப்புறம் ஒரு சின்ன விஷயம். கழிவு எடுக்கும் பவுசரின் குழாய் வீதியிலிருந்து எட்டுகிற இடத்தில் தாங்கி இருக்கட்டும். அழகுக்காக வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் கட்டிவிட்டு, நிரம்பிய பிறகு வாளியில் அள்ளி இரவில் கானில் ஊற்றுகிற விடுதிகளும் இருக்கின்றன.

மழைநீர் சேமிப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது இல்லாமல் ஆகஸ்டைத் தாண்ட முடியாது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லீட்டர். 100 சதுர மீட்டர் தகரக் கூரையில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 2500 லீட்டர், சிந்தியது போக 2000 கிடைக்கும். மலசலகூடத்துக்கும் தோட்டத்துக்கும் துவைக்கவும் இதைப் பாவித்தால் ஊற்றுத் தண்ணீர் குடிக்கவும் குளிக்கவும் மிஞ்சும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. யூடியூப்பில் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, மழைநீரைக் குழி வெட்டி நிலத்துக்குள் இறக்குவது நல்லது என்று நம்மவர்கள் பலர் செய்கிறார்கள். சமதரைக்கு அது மிக நல்லது. மலைச்சரிவில் வீட்டுக்கு மேலேயோ சரிவின் விளிம்பிலோ குழி வெட்டித் தண்ணீரை இறக்கினால், மண் ஊறிப் பாரம் கூடி, பிடிப்பு விட்டுப் போகும். தாங்கி நிரம்பி வழிகிற நீரையும், கூரையிலிருந்து வரும் மிச்ச நீரையும் குழாயில் கட்டி இயற்கையான ஓடைக்குக் கொண்டுபோய் விடுங்கள்.

மண்சரிவைப் பேசாமல் நம் பக்கத்தில் "சூழலுக்கு உகந்த" என்ற சொல்லையே பாவிக்கக் கூடாது என்பது என் எண்ணம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி எங்கும் மலைகள் இறங்கின. பதுளை மாவட்டத்தில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும். பழைய வீட்டைத்தானே திருத்துகிறோம் என்று அதைத் தவிர்க்காதீர்கள். காட்சிக்காக ஒரு மேடை, வாகனம் நிறுத்த ஓர் இடம் என்று சரிவைச் செங்குத்தாக வெட்டுவதுதான் விடுதிக்காரர்கள் செய்யும் பெரிய தவறு. நீங்கள் நட்ட நூறு மரக்கன்றுகளும் அந்த ஒரு வெட்டை ஈடு செய்யாது. வெட்ட வேண்டாம், வீட்டின் பழைய அளவுக்குள்ளேயே இருங்கள். முற்றத்தில் ஒரு மழைமானி வையுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது அந்த நிறுவனம் சொல்லும் அளவு. திடீரென்று ஊற்று கலங்குவது, புதிய இடத்தில் நீர் கசிவது, மரம் சாய்வது, கதவு இறுகுவது இவற்றைக் கண்டால் 75 வரைக்கும் காத்திருக்க வேண்டாம், விருந்தினரைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். நம் குளிரில் ஒரு விடுதியின் மின்சாரத்தைத் தின்பது விளக்கு இல்லை, சுடுதண்ணீர். ஒரு 10 லீட்டர் வாளியை ஷவருக்கு அடியில் வைத்து நேரம் பாருங்கள். 50 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 12 லீட்டர். எட்டு நிமிடக் குளியலுக்கு 96 லீட்டர். 16 பாகையில் இருக்கும் தண்ணீரை 40 பாகைக்குக் கொண்டுவர அந்த ஒரு குளியலுக்கு மட்டும் ஏறக்குறைய 2.7 யூனிட் போகும். எட்டுப் பேர் குளித்தால் 21 யூனிட். நிமிடத்துக்கு 6 லீட்டர் ஓடும் ஷவர் தலையை மாற்றினால் குளியலுக்குப் போகும் தண்ணீரும் மின்சாரமும் ஒரே நாளில் பாதியாகும். இதைவிடக் குறைந்த செலவில் இதைவிடப் பெரிய பலன் தருகிற வேலை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. கூரையில் சூரிய வெப்பத்தில் தண்ணீர் சுடவைக்கும் தாங்கி ஜூலை, ஆகஸ்டில் அருமையாக வேலை செய்யும், நவம்பர் மூடுபனியில் கைவிட்டுவிடும். விறகு பொய்லர் பலர் வைத்திருக்கிறார்கள். விறகு உங்கள் சொந்த சவுக்கு மரக் கிளையாகவோ தேயிலைக் கவ்வாத்துக் குச்சியாகவோ இருந்தால் சரி, எங்கே வெட்டியது என்று தெரியாத லொறி விறகாக இருந்தால் அது நல்லதா கெட்டதா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

சோலார் மின்சாரத்தில் ஒன்று நிச்சயம். பொது மின்சார இணைப்போடு சேர்த்து வேலை செய்யும் சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. 2022 இல் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்தபோது, வெயிலும் இருந்து, கூரையில் பலகையும் இருந்து, இருட்டில் உட்கார்ந்தவர்கள் இதைத் தெரியாமல் வாங்கியவர்கள். மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் பற்றரியும் அதற்கேற்ற இன்வேர்ட்டரும் வேண்டும், விலை கூடும். போட்ட காசு எத்தனை வருடத்தில் திரும்பும் என்பது உங்கள் மின்சாரத்தை அவர்கள் வாங்கும் விலையைப் பொறுத்தது. அந்த விலையை அடிக்கடி மாற்றுகிறார்கள், ஆகவே போன வருடம் போட்டவர் சொல்லும் கணக்கை வைத்துக் கடன் எடுக்காதீர்கள். முதலில் ஷவரை மாற்றி, ஒரு வருட மின்பட்டியலைப் பார்த்துவிட்டு, பிறகு சோலாரின் அளவைத் தீர்மானியுங்கள். பெரும்பாலும் நீங்கள் முதலில் நினைத்ததைவிடச் சிறியதே போதும் என்று வரும்.

குப்பை. ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள். அதே கண்டிப்பை உங்கள் வாசலிலும் மரியாதையோடு வைக்கலாம். தண்ணீர் போத்தல் விற்காதீர்கள். ஊற்று நீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆய்வுகூடத்தில் பரிசோதித்து, வடிகட்டிக் கொதிக்கவைத்து, கண்ணாடிப் போத்தலில் அறைக்குக் கொடுங்கள். நம் உயரத்தில் தண்ணீர் 95 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அது போதுமா என்று சில விருந்தினர் கேட்பார்கள். நன்றாகக் கொதித்து ஒரு நிமிடம் நின்றால் கிருமிக்குப் போதும். "உக்கும்" என்று எழுதிய பைகளை நம்பி வாங்காதீர்கள். அவற்றில் பலவும் 60 பாகை அளவு சூட்டைப் பல நாள் பிடித்து வைக்கும் பெரிய ஆலைகளில் உக்குபவை. நம் வீட்டுக் குவியலில் வருடக் கணக்கில் அப்படியே கிடக்கும்.

சமையல் கழிவைத் திறந்த குழியில் போட்டால் குரங்கும் காட்டுப்பன்றியும் நாயும் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். மூடியுள்ள பெட்டியில், காய்ந்த இலையும் மரத்தூளும் கலந்து உக்கவையுங்கள். குளிரில் மெதுவாகத்தான் உக்கும். கீழ்நாட்டில் மூன்று மாதம் என்றால் இங்கே ஆறு மாதம் என்று வைத்துக்கொண்டு இரண்டு பெட்டி கட்டுங்கள். இதோடு சேர்த்து இன்னொன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். காட்டுப்பன்றி இறைச்சி கேட்டு வரும் உள்ளூர்க் குழுக்கள் உண்டு, நல்ல காசும் தருவார்கள். தயவுசெய்து வாங்கவோ சமைக்கவோ வேண்டாம். பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியில்தான் மலைநாட்டுச் சிறுத்தைகள் மாட்டிச் சாகின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணியில் கம்பியில் மாட்டி, பிறகு இறந்த கருஞ்சிறுத்தையை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்தக் கம்பி எந்த விடுதியின் சட்டிக்காகவும் வைக்கப்பட்டது என்று நான் சொல்லவில்லை. வாங்க ஆள் இருக்கும் வரை கம்பி வைக்க ஆள் இருப்பார்கள் என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும்.

சாப்பாட்டில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாள் மாலையே கேட்டுச் சமையுங்கள். பத்துக் கறி வைத்து ஆறு கறியைக் கொட்டுவதைவிட, வெலிமடை மரக்கறியில் நான்கு கறி, சூடான ரொட்டி, கட்டச்சம்பல், மண்சட்டித் தயிரும் கித்துள் பாணியும் என்று கொடுத்துப் பாருங்கள், தட்டு காலியாகத் திரும்பி வரும்.

மூங்கில் தளபாடம் வேண்டாம். அப்பாவின் பழைய கட்டிலையும் அலுமாரியையும் திருத்திப் பொலிஷ் போடுங்கள், புதிதாக எதுவும் வாங்காததுதான் சூழலுக்கு நல்லது. பசுமைச் சான்றிதழ்கள் பற்றி என் கருத்து கலவையானது. சில உண்மையாகவே வந்து குழாயையும் குப்பையையும் பார்க்கின்றன, சில ஒரு படிவத்தோடும் கட்டணத்தோடும் முடிந்துவிடுகின்றன. பரிசோதகர் நேரில் வருவாரா, மலக்குழியைத் திறந்து பார்ப்பாரா என்று கேளுங்கள், இல்லை என்றால் அந்தக் காசில் கிரீஸ் ட்ராப் கட்டலாம். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவும் பிரதேச சபை அனுமதியும் வேறு விஷயம், அவை கட்டாயம் எடுக்க வேண்டியவை.

காசை எந்த வரிசையில் போடுவது என்று கேட்டதற்கு என் பதில்: மண்சரிவு அறிக்கை, கழிவுநீர்க் குழாய் பிரிப்பதும் மலக்குழியும், ஷவர், மழைநீர்த் தாங்கி, கடைசியில் சோலார். இவை எல்லாவற்றுக்கும் முன், காசே செலவழிக்காமல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அறை எத்தனை என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். ஆகஸ்ட் வரும்வரை பொறுத்து, அந்த மாதத்தின் நடுவில் ஒரு விடியற்காலை 10 லீட்டர் வாளியோடு ஊற்றுக்குப் போங்கள். 100 விநாடியில் நிரம்பினால் நாளுக்கு 8640 லீட்டர், நான்கு அறை தாராளம். 10 நிமிடம் எடுத்தால் நாளுக்கு 1440 லீட்டர்தான். எட்டு விருந்தினரும் உங்கள் வீட்டார் ஐந்து பேரும் ஆளுக்கு 100 லீட்டர் பாவித்தால் 1300 போய்விடும், கீழே இருப்பவர்களின் பீலிக்கு ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. அப்படி வந்தால் இரண்டு அறையோடு தொடங்குங்கள். வாளியை நிரப்பிப் பார்த்த பிறகு, அதே தண்ணீர் போகும் வழியே கீழே இறங்கிப் போய், அதைப் பிடிக்கிற வீட்டாரிடம் நீங்கள் விடுதி தொடங்கப் போவதைச் சொல்லுங்கள். தண்ணீரில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் உடனே கூப்பிடச் சொல்லி உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.